‘பிரஷர் பார்டர்ல இருக்கு’ என்றால் என்ன அர்த்தம்?

“146/92. பார்டர்ல இருக்கு, உப்பைக் குறைச்சுக்குங்க.” கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே நர்ஸ் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். இதைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர் அன்றிரவே ஊறுகாய் பாட்டிலை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, தூக்கம் வராமல் புரளுவார்கள். வேறு சிலர் “எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே” என்று அடுத்த மூன்று வருஷம் பிரஷர் பார்க்கவே மாட்டார்கள். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே ஒரு எண். அதை வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது.

130-க்கும் 150-க்கும் இடைப்பட்ட பகுதியின் சிக்கல் இதுதான்: அங்கே அளவுப் பிழையும் நோயும் கிட்டத்தட்ட ஒரே பருமன். 180 வந்தவருக்குப் பத்து புள்ளி தவறாகக் காட்டியிருந்தாலும் அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்பதில் மாற்றமில்லை. 142 வந்தவருக்கு அதே பத்து புள்ளிப் பிழை என்றால், அவருடைய உண்மையான அளவு 132 ஆகவும் இருக்கலாம், 152 ஆகவும் இருக்கலாம். முதலாமவருக்கு நடைப்பயிற்சி போதும். இரண்டாமவருக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆகவே மாத்திரையா உப்பா என்ற பேச்சுக்கு முன்னால், அந்த எண் நிஜம்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

கோடு எங்கே போட்டிருக்கிறார்கள்?

மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண், இரண்டு துடிப்புகளுக்கு இடையே இதயம் ஓய்ந்திருக்கும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம். இரண்டையும் பாதரசத்தின் உயரமாக, மில்லிமீட்டரில் சொல்கிறோம். 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி காற்றுப் பட்டையையும் பாதரசக் குழாயையும் சேர்த்துக் கருவி செய்தார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு கீழ் எண்ணையும் பிடித்தார். பாதரசக் கருவி இன்று பல இடங்களில் போய்விட்டது, அளவு மட்டும் அதன் பெயரிலேயே நிற்கிறது.

இந்தியாவில் பெரும்பாலான மருத்துவர்கள் கிளினிக் அளவில் 140/90-ஐ உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோடும் அதுதான். அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017-ல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கின. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 140/90-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 2024-ல் 120 முதல் 139 வரை மேல் எண்ணும் 70 முதல் 89 வரை கீழ் எண்ணும் உள்ளவர்களை ‘கூடுதல்’ என்று தனி வகையாக்கியது. ஆக, 134/84 உள்ளவர் மதுரையில் ‘கொஞ்சம் கவனிங்க’ ரகம். விமானம் ஏறி நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போனால் முதல் நிலை நோயாளி. உடம்பில் எதுவும் மாறவில்லை.

கோடுகள் இப்படி நகர்வதற்குக் காரணம், இயற்கையில் கோடே இல்லை என்பது. சுமார் 10 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2002-ல் வெளியான ஆய்வில், 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு 115/75-லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்கியது. மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ கூடும்போதெல்லாம் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. 139 வரை பத்திரம், 140-ல் பள்ளம் என்று எங்கும் இல்லை. மெதுவாக ஏறும் சாய்தளம் அது. சிகிச்சையின் நன்மை அதன் தொந்தரவைவிட எங்கே தெளிவாக அதிகமாகிறதோ, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

‘வயசோட நூறு கூட்டினா வர்ற பிரஷர் நார்மல்’ என்று ஒரு பழைய கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 60 வயதுக்கு 160 சரி என்று அர்த்தம். வயதானால் குழாய்கள் விறைத்து மேல் எண் ஏறுவது சகஜம்தான். சகஜம் என்பதால் கெடுதல் இல்லாமல் போய்விடாது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1937-லேயே 162/98, 1941-ல் 188/105. வயதுக்கு ஏற்ற அளவுதான் என்று அவருடைய மருத்துவர் சொல்லிவந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருக்கு 63 வயது. அன்று ஏறத்தாழ அதற்குமேல் சொல்ல மருத்துவத்திலும் வழியில்லை. நல்ல மாத்திரைகள் பிறகுதான் வந்தன.

எண்ணைக் கெடுப்பவை

கிளினிக்கில் சாதாரணமாக என்ன நடக்கிறது? மாடிப்படி ஏறி வருகிறார். வரும் வழியில் காபி. உட்கார்ந்த அரை நிமிடத்தில், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டை. கை தொங்கிக்கொண்டிருக்கிறது, காலை முட்டிமேல் போட்டிருக்கிறார், “சுகர் இருக்கா? அப்பாவுக்கு இருந்ததா?” என்ற கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார். இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணை ஏற்றும்.

கையின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், அந்த 10 செ.மீ. ரத்தத் தூணின் எடையும் சேர்ந்து அளவில் விழும். கணக்கில் அது 7 முதல் 8 புள்ளி. இதை 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்தார்கள்: மேஜையில் கையைத் தாங்கி வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளியும் அதிகமாகக் காட்டியது. 136 என்பவரை 142 ஆக்க இந்த ஒன்றே போதும்.

அடுத்தது பட்டையின் அளவு. இதைத்தான் யாருமே கவனிப்பதில்லை, கெடுப்பதோ இதுதான் அதிகம். பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பை, மேற்கையின் சுற்றளவில் குறைந்தது முக்கால் பாகத்தையாவது சுற்றிவர வேண்டும். குட்டையாக இருந்தால் குழாயை நசுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும், கருவி அதையும் உங்கள் பிரஷராகக் காட்டிவிடும். 2023-ல் வந்த ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் எண் சராசரியாக 5 புள்ளி கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 20 புள்ளி. தையல்காரர் டேப் ஒன்று இருந்தால் போதும்: தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் மேற்கையைச் சுற்றி அளங்கள். சாதாரணப் பட்டைகள் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானவை, பட்டையின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். உங்கள் கை 34 என்றால் பெரிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒல்லிக் கையில் அகலப் பட்டை போட்டால் தலைகீழ்ப் பிழை, எண் குறைத்துக் காட்டும்.

முட்டிக்கொண்டு வரும் சிறுநீரை அடக்கியபடி அளந்தால் பத்துப் புள்ளி வரை ஏறலாம். பேச்சும் அப்படித்தான். கால்மேல் கால் சில புள்ளிகள். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலும் கீழ் எண்ணைக் கொஞ்சம் தூக்கும். இவற்றோடு வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் வரும் படபடப்பு வேறு.

இன்னொரு சின்ன அடையாளம்: கையால் அளந்து எழுதிய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். 130/80, 140/90, 150/90 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால், அளந்தவர் தோராயமாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். பார்டரில் நிற்கிறவருக்கு அந்தத் தோராயமே முடிவை மாற்றிவிடும்.

வீட்டில் ஒரு வாரம்

இத்தனை குழப்பத்துக்கும் மலிவான தீர்வு வீட்டில் அளப்பது. மேற்கையில் சுற்றும் தானியங்கிக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம்; மணிக்கட்டை எந்த உயரத்தில் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஆடும். விரலில் மாட்டுவதும் கைக்கடிகாரத்தில் வருவதும் சிகிச்சை முடிவுக்கு இன்னும் ஆகாது. எல்லாத் தானியங்கிக் கருவியும் ஒரே தரம் இல்லை. பட்டையில் தெரியும் அதிர்வை அளந்து, அதிலிருந்து தன் சூத்திரப்படி மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிட்டுத்தான் கருவி சொல்கிறது; ஸ்டெதஸ்கோப் போல அது எதையும் கேட்பதில்லை. அந்தச் சூத்திரம் மனிதர்களிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதா என்பதுதான் முக்கியம். ‘ஸ்ட்ரைட் பி.பி.’ (STRIDE BP) என்ற இணையதளத்தில் அப்படித் தேறிய மாடல்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. கம்பெனி பெயரை மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கும் டிபனுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு முறை. மாலை அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை. அளப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் காபி, டீ, சிகரெட், நடை எதுவும் கூடாது. முதுகு சாயும் நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கை மேஜைமேல், தேவைப்பட்டால் அடியில் ஒரு தலையணை. பட்டை நெஞ்சின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அது கயிறு மாதிரி இறுக்கினால் சட்டையைக் கழற்றிவிடுவதே மேல். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே பட்டையின் கீழ் ஓரம். பட்டைக்குள் ஒரு விரல் நுழைகிற இறுக்கம். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டி.வி.யும் வேண்டாம், போனும் வேண்டாம். பிறகு அளந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். சில புள்ளி வித்தியாசம் சாதாரணம். எந்தக் கையில் கூடுதலோ அதையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும் 15-க்கு மேல் வித்தியாசம் நின்றால், குறைந்த பக்கத்துக் குழாயில் அடைப்பு இருக்கலாம். அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஏழு நாள் இப்படி. முதல் நாள் எண்களைக் கழித்துவிட்டு, மீதி ஆறு நாளின் 24 எண்களைச் சராசரி எடுக்க வேண்டும். முதல் நாளை ஏன் கழிக்கிறோம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. கிளினிக்கில் 146/92 வந்தவர் வீட்டில் முதல் நாள் காலை 149/93, 143/90. மாலை 144/91, 139/87 என்று எழுதுகிறார். கருவி புதிது, மனசில் பயம். இரண்டாம் நாள் காலை 138/87, 135/85. மாலை 133/84, 130/82. மீதி நாட்களும் இரண்டாம் நாளைப் போலவே போகின்றன என்று வையுங்கள். ஏழு நாளையும் சேர்த்தால் மேல் எண்ணின் சராசரி 135.4, கீழ் எண் 85.3. முதல் நாளை விட்டால் 134, 84.5. வீட்டு அளவுக்கான கோடு 135/85. அதாவது ஒரே ஒரு பதற்றமான நாள் இவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. (வீட்டில் எண் இயல்பாகவே குறைவாக வரும் என்பதால்தான் கிளினிக்கின் 140/90-க்கு இணையாக வீட்டில் 135/85 வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரக் கருவியைக் கட்டி அளந்தால் முழு நாள் சராசரிக்கு 130/80.)

எல்லோரும் செய்யும் ஒரு தவறு, நல்ல எண் வரும்வரை பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பது. 144, 141, 139, 133... கடைசியை மட்டும் நோட்டில் எழுதினால் அது உங்கள் பிரஷர் ஆகாது. தலை சுற்றும்போதும் சண்டை போட்ட பிறகும் மட்டும் அளப்பது இதற்கு நேர் எதிர்த் தவறு. நேரத்துக்கு அளந்து, வந்ததை எழுதுவதுதான் முறை. இதயத் துடிப்பு சீராக இல்லை என்ற குறி கருவியில் அடிக்கடி வந்தால், அந்த எண்களை நம்ப வேண்டாம், ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டுப் பேசலாம்.

கிளினிக்கில் 140-க்கு மேல், வீட்டில் 135-க்குக் கீழ் என்றால் அது ‘வெள்ளைக் கோட்டு’ ரத்த அழுத்தம். பொதுவாக உடனே மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் இவர்களில் பலருக்குச் சில வருஷத்தில் நிஜமாகவே ஏறுவதால், வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த ஒரு வாரக் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம்தான் உண்மையில் கவலைக்குரியது: கிளினிக்கில் 128, வீட்டிலும் வேலையிடத்திலும் 140. புகைபிடிப்பவர்கள், வேலை நெருக்கடியில் இருப்பவர்களிடம் இது அதிகம். கிளினிக் எண்ணைப் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பப்படுவதால் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஏற்றிவிடும் ஆள் வீட்டிலேயே இருக்கலாம்

சராசரி உண்மையாகவே கூடுதல் என்றால், முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூட்டுவலிக்குத் தினமும் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து பிரஷரை ஏற்றும். சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். ஜலதோஷ மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபீனைலெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை இரண்டும் இந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகளிலும் பவுடர்களிலும் சோடியம் நிறைய.

நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத ஒன்று அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக்கும் நல்லது என்று மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் ஹார்மோனை முடக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் கார்ட்டிசால் அங்கே உப்பைத் தேக்கும் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பார்டரில் இருப்பவர் தினசரி வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சுக்கு ரத்த அழுத்தத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைப்பதை பிரிட்டிஷ் இதழில் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பிரித்த ரெசர்பின் அந்தக் காலத்தின் முக்கிய மருந்தானது. நிஜமாகவே வேலை செய்தது. மனச்சோர்வு உள்ளிட்ட விளைவுகளாலும், இன்னும் நல்ல மருந்துகள் வந்ததாலும் பின்னுக்குப் போனது. வேலை செய்யும் மூலிகை எதுவும் மருந்துதான். அளவும் ஆபத்தும் அதற்கும் உண்டு.

இரவில் வீட்டையே எழுப்பும் குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் என்றிருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறைச் சோதிக்க வேண்டும். முப்பது வயதுக்குள் பிரஷர் வந்தால் சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி பக்கம் காரணம் தேடுவார்கள். யாராக இருந்தாலும் முதல் தடவை உறுதியானதும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு இ.சி.ஜி. ஆகியவை தேவை. எண் ஒன்றுதான், சர்க்கரையும் சிறுநீரகச் சேதமும் உள்ளவருக்கு அதே எண்ணின் ஆபத்து வேறு.

உப்புக் கணக்கு

‘உப்பைக் குறைங்க’ என்பது அறிவுரையே இல்லை. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று சொன்னால்தான் அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலறையில் தராசு வேண்டாம், மளிகைச் சீட்டு போதும். வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் நாலு பேர், 30 நாள், 5 கிராம்: 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. கடைப் பண்டங்களில் வரும் உப்பு இந்தப் பாக்கெட்டில் இல்லை என்பதால், சமையலுக்கு 450 கிராமுக்குள் நின்றால் நல்லது. பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

நம் சாப்பாட்டில் உப்பு ஒரே இடத்தில் இல்லை. இட்லி மாவில் ஒரு உப்பு, சட்னியில் ஒரு உப்பு, சாம்பாரில் ஒரு உப்பு. மூன்றும் ஒரே தட்டில். மத்தியானம் குழம்பு, ரசம், பொரியல், மோர், அப்பளம், ஊறுகாய் என ஆறு இடம். இதில் வெட்டுவதற்கு எளியவை ஓரத்தில் இருப்பவை: ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். ஆப்ப சோடாவும் அப்படியே. மோரில் போடும் உப்புக்கும் தட்டில் தனியாக வைக்கும் உப்புக்கும் விடை கொடுத்துவிட்டு, குழம்பில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பங்கு. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். ஒரே நாளில் பாதியாக்கினால்தான் கலகம். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு தெரியாது. ரசம் இதற்குத் தோதான பண்டம்.

இந்துப்பும் கல்லுப்பும் தப்பிக்கும் வழி இல்லை. நிறமும் கனிமத் துளிகளும் வேறாக இருந்தாலும், அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. விலை அதிகம் கொடுத்த திருப்தியில் ஒரு சிட்டிகை கூடப் போடுவதுதான் நடக்கிறது. நிஜமான மாற்று, சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் முடிவு வெளியான ஆய்வில், முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். இந்த எச்சரிக்கை இவர்கள் தினமும் குடிக்கும் இளநீருக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குக் கீரை, பருப்பு, வாழைப்பழம் வழியாக வரும் பொட்டாசியம் நல்லதே. 1997-ல் அமெரிக்காவில் நடந்த ‘டாஷ்’ ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவு, ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண்ணை 11 புள்ளி இறக்கியது. உப்பைக் குறைக்காமலே.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் தோராயமாக ஒரு புள்ளி. வாரம் 150 நிமிடம் வேக நடை, அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற வேகம், மேல் எண்ணில் சில புள்ளிகளைக் குறைக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு நடை தோதில்லை என்றால் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கும் பயிற்சி உண்டு: இரண்டு நிமிடம் மிதமான அழுத்தம், ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். மதுவைக் குறைத்தால், அதிகம் குடிப்பவர்களுக்கு நன்றாகவே இறங்கும். பூண்டும் வெந்தயமும் சாப்பிடலாம், அவற்றை நம்பி எண்ணைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

மாத்திரை எப்போது

வீட்டுச் சராசரி 130/80-க்குக் கீழ் என்றால் வருஷத்துக்கு ஒரு சோதனை போதும். 130 முதல் 134 வரை, கீழ் எண் 80 முதல் 84 வரை என்றால் மேலே சொன்னவற்றைச் செய்து, மூன்று மாதம் கழித்து அதே முறையில் மறுபடி ஒரு வாரம். 135/85-ஐத் தாண்டினால் மருத்துவரோடு முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை, சிறுநீரக நோய், முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால் காத்திருக்க மாட்டார்கள். மாரடைப்பு வந்தவருக்குக் கிளினிக் மேல் எண் 130 தாண்டினாலே மருந்து தொடங்குவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. வேறு கோளாறு எதுவும் இல்லாதவர், கோட்டைச் சற்றே தாண்டியவர் என்றால் மூன்று மாத அவகாசம் நியாயம். அந்த மூன்று மாதம் ஆறாகி, ஆறு மூன்று வருஷமாவதுதான் வழக்கமாக நடக்கும் கெடுதல். அடுத்து அளக்கும் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

‘ஆரம்பிச்சா நிறுத்த முடியாது’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். மாத்திரை பழக்கமாகி ஒட்டிக்கொள்வதில்லை; காரணம் உடம்பில் இருக்கும்வரை தேவை இருக்கும், அவ்வளவுதான். பத்து கிலோ எடை குறைத்தவருக்கு மருத்துவர் அளவைக் குறைத்ததும் நிறுத்தியதும் உண்டு. மேல் எண்ணில் வெறும் 5 புள்ளி குறைந்தாலே பெரிய இதய நோய்களும் பக்கவாதமும் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்று 2021-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொன்னது.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். அது சிறுநீரகம் கெட்டதற்கான அறிகுறி இல்லை, மருந்தின் விளைவு; சொன்னால் மாற்றித் தருவார்கள். எனலாப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஒரு டப்பா சிரப் குடித்த பிறகுதான் காரணம் தெரியவரும். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகைகளைக் கர்ப்பமாக இருப்பவர்கள் சாப்பிடவே கூடாது. கர்ப்ப காலத்தில் 140/90 என்பது ‘பார்டர்’ அல்ல, அன்றைக்கே காட்ட வேண்டிய எண். எந்த மாத்திரையும் முழுப் பலனைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும் என்பதால் மூன்றாம் நாள் எண்ணைப் பார்த்துக் குறை சொல்ல வேண்டாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் அளக்க வேண்டும். மேல் எண் 20 இறங்கினால், இரவில் பாத்ரூம் போகும்போது விழுவதற்கான ஆபத்து இருக்கிறது, மருந்தின் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். வருகிறவர் அன்று ஒரு முறைதான் அளப்பார். உங்கள் ஒரு வார நோட்டைக் காட்டினால் அவருக்கும் உதவி.

கடைசியாக, ஒருநாள் கருவி 180/120 என்று காட்டினால். லேசான பிரஷருக்குத் தலைவலி வராது. தலைவலியும் பயமும்தான் பல நேரம் எண்ணை ஏற்றும். அமைதியாக உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அப்படியே நின்று, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல், குழப்பம் ஏதாவது இருந்தால் உடனே 108. எதுவுமே இல்லாமல் எண் மட்டும் அதிகம் என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்கலாம். சாப்பிட மறந்த மாத்திரை இருந்தால் வழக்கமான அளவில் அதைப் போடலாம். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கடியில் விடும் பழைய வைத்தியம் வேண்டாம். அழுத்தம் திடீரென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன.